பார்த்து முடித்த பிறகு

அந்தமான் போய்வந்தவர்களிடம் நீல் தீவைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "அரை நாள் போதுங்க." அதில் பொய் ஒன்றும் இல்லை. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குச் சைக்கிளை மெதுவாக மிதித்தாலே முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். பரத்பூர், லக்ஷ்மண்பூர், சீதாபூர் என்று எல்லோரும் போகிற கடற்கரைகள் மூன்று. கடல் குடைந்து வைத்திருக்கிற ஒரு கல் பாலம். நீல் கேந்த்ரா என்றொரு சின்னக் கடைத்தெரு. காலையில் பக்கத்துத் தீவான ஹேவ்லாக்கிலிருந்து கப்பலில் வந்து இறங்கி, ஒரு வண்டி பிடித்து, இவ்வளவையும் பார்த்துவிட்டு அன்றைக்கே போர்ட் பிளேருக்குக் கப்பல் ஏறுகிறவர்கள் நிறையப் பேர். ஐந்து இரவு, ஆறு பகல் என்று சுற்றுலாக்காரர்கள் போட்டுத் தரும் திட்டத்தில் நீலுக்கு ஒரு ராத்திரி கிடைத்தால் பெரிது.

நானும் என் கணவரும் அங்கே ஒரு வாரத்துக்கு மேல் இருந்தோம்.

பெரிய யோசனை எதுவும் இல்லை. இவருக்கு மத்திய அரசு வேலை. சொந்த ஊர்ப் பயணத்துக்குப் பதிலாக அந்தமானுக்கு விமானத்தில் போய்வரலாம் என்ற எல்.டி.சி. சலுகை பல வருஷமாக இருக்கிறது. அலுவலகத்தில் பாதிப் பேர் அதில் போய்வந்துவிட்டார்கள். மகளுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. மாமியாரைப் பார்த்துக்கொள்ள நாத்தனார் வந்திருந்தார். கல்யாணமான புதிதில் கொடைக்கானல் போனதற்குப் பிறகு, வேறு யாரும் இல்லாமல் நாங்கள் இருவர் மட்டும் கிளம்பியது இதுதான். ஓடி ஓடிப் பார்க்க என் முழங்கால் ஒத்துழைக்காது, ஒரே இடத்தில் உட்காரலாம் என்றேன். டிக்கெட் போட்டுத் தந்த பையன் கணினியிலிருந்து தலையைத் தூக்கி, "அங்க அவ்ளோ நாள் என்ன மேடம் பண்ணுவீங்க?" என்று நிஜமான கவலையோடு கேட்டான்.

நல்ல கேள்வி. பல வருஷம் ஒன்றாகக் குடித்தனம் செய்த இருவர், வேலை ஒன்றும் இல்லாமல், ஒரே இடத்தில் என்ன செய்வார்கள்? புதுமணத் தம்பதிகளிடம் யாரும் இதைக் கேட்க மாட்டார்கள். எங்கள் வயதில் கேட்டாக வேண்டும். இவருக்கு ஓய்வு பெற அதிக காலம் இல்லை. அன்றைக்கு வீட்டில் வந்து உட்காரப்போவதும் இதே கேள்விதான். தீவிலாவது பார்க்கக் கடல் இருக்கும்.

தீவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். போர்ட் பிளேரிலிருந்து அரசுக் கப்பலில் சுமார் இரண்டு மணி நேரம். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி 3,000 பேர் சொச்சம். 1857 எழுச்சியை ஈவிரக்கம் இல்லாமல் அடக்கிய ஜேம்ஸ் நீல் என்ற தளபதியின் பெயரைத் தீவுக்கு வைத்திருந்தார்கள். சென்னைக்கும் இந்த மனிதரைத் தெரியும். மவுண்ட் ரோட்டில் அவருக்குச் சிலை இருந்தது. அதை எடுக்கச் சொல்லி 1927இல் சத்தியாக்கிரகம் நடந்தது. பலர் சிறைக்குப் போனார்கள். 1937இல் ராஜாஜி அமைச்சரவை வந்த பிறகுதான் சிலை அங்கிருந்து கிளம்பி எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. தீவிலிருந்து அவர் பெயர் கிளம்ப மேலும் எண்பது வருஷம் பிடித்தது. 2018 டிசம்பர் 30 முதல் நீல் என்பது ஷஹீத் தீவு. ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவு. 1943இல் அந்தமான், நிக்கோபார் தீவுகளுக்கு நேதாஜி சூட்டிய பெயர்கள் அவை. டிக்கெட்டில் புதுப் பெயர் இருக்கிறது. ஜெட்டியில் நின்று கூப்பிடுகிற வண்டிக்காரர்கள் இன்னும் "நீல், நீல்" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் வங்காளிகள். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த குடும்பங்களுக்கு 1960களில் இங்கே நிலம் கொடுத்துக் குடியேற்றினார்கள். காட்டை வெட்டித் திருத்தி அவர்கள் உண்டாக்கிய வயலும் தோட்டமும்தான் இன்று போர்ட் பிளேர் சந்தைக்குக் காய்கறி அனுப்புகின்றன. ராமாயணப் பெயர்கள் எல்லாம் இவர்களுடைய கிராமங்களுக்கு வைத்தவை. கடற்கரைகளுக்கும் அவையே ஒட்டிக்கொண்டன. ஆகவே சுற்றுலாப் படங்களில் பார்க்கிற மாதிரி இது வெறும் மணலும் தென்னையும் இல்லை. விளிம்பு முழுக்கக் கடற்கரை, நடுவில் ஒரு விவசாய ஊர். இந்த அமைப்புக்குப் பிற்பாடு வருகிறேன்.

முதலில் எங்களைக் குழப்பியது பொழுது. கடிகாரம் ஒன்றுதான், ஆனால் அந்தமான் சென்னைக்குக் கிழக்கே பன்னிரண்டு டிகிரிக்கு மேல் தள்ளி இருக்கிறது. சூரியன் ஐம்பது நிமிஷம் முன்னால் வந்து ஐம்பது நிமிஷம் முன்னால் போய்விடும். ஜனவரி மாதம் ஐந்தேகாலுக்கெல்லாம் அஸ்தமனம். ஆறு மணிக்குக் கும்மிருட்டு. சென்னையில் அந்நேரம் இவர் அலுவலகத்தை விட்டே கிளம்பியிருக்க மாட்டார். இங்கே ஏழு மணிக்குச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். கடுகு அரைத்துவிட்ட மீன் குழம்பு, பருப்பு, சோறு. சாப்பிட்டுக் கைகழுவினால் ஏழரை. படுக்க இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. தொலைக்காட்சி வேலை செய்யவில்லை, யாரும் வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை.

கிடைத்த கொஞ்சம் சிக்னலில் வீடு வந்து சேர்ந்தது. பால்காரரிடம் சொன்னீர்களா, அம்மாவுக்கு ராத்திரி மாத்திரை வெள்ளை டப்பாவில் இருக்கிறது, சிலிண்டர் நாளைக்கு வரும், மோட்டாரை அரை மணிக்கு மேல் ஓடவிட வேண்டாம். நான் நாத்தனாரிடம் பேசி முடித்ததும் இவர் அவருடைய அலுவலகத்து ஆளிடம் ஒரு கோப்பைப் பற்றிப் பேசினார். பேசி முடித்து இருவரும் போனைக் கீழே வைத்தோம். அப்புறம் பேச ஒன்றும் இல்லை. இதை நான் சண்டையாகவோ மனக்குறையாகவோ சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தால், வீட்டில் நாங்கள் பேசிக்கொள்வது முழுக்க இந்த வகைதான். என்ன தீர்ந்தது, என்ன வாங்க வேண்டும், யாருக்கு எப்போது பணம் கட்ட வேண்டும். அது மோசமான பேச்சு இல்லை. ஒரு குடும்பத்தை அதுதான் நடத்துகிறது. அந்தப் பேச்சுக்கு வேலை இல்லாத இடத்துக்கு வந்த பிறகு, கையில் வேறு சரக்கு இல்லை என்பது தெரிந்தது, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் கவனித்தேன். காலையில் எழுந்ததும் நான் போர்வைகளை மடித்தேன், டீ குடித்த டம்ளர்களைக் குழாயில் அலசினேன், ஈரத் துண்டை வெளியே காயப்போட்டேன். எல்லாவற்றுக்கும் அங்கே ஆள் இருந்தது. இவர் சிரித்தார். சிரிக்கலாம், அவருக்கு விடுமுறை என்பது அலுவலகத்துக்குப் போகாமல் இருப்பது. அதை அவர் விமானம் ஏறும்போதே அனுபவிக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு அப்படி ஒரு வாசல் கிடையாது. அடுத்த வேளைக்கு என்ன என்ற கேள்வி மண்டைக்குள் ஓடுவது நிற்க வேண்டும். அது எங்கே போனாலும் கூடவே வருகிறது. மதியச் சாப்பாடு முடிந்த உடனே ராத்திரிக்கு என்னவாக இருக்கும் என்று மனசு தானாகப் போய்ப் பார்க்கிறது. உட்கார வைத்துப் பரிமாறினாலும், பரிமாறுகிறவர் கையில் கரண்டி சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறது. குடும்பத்தோடு ஊர் சுற்றிய பெண்களிடம் தனியாகக் கேட்டுப்பாருங்கள், சொல்வார்கள்.

அடுத்த நாள் எல்லாவற்றையும் பார்த்தோம். கல் பாலத்துக்குக் கடல் நன்றாக வற்றியிருக்கும்போதுதான் போக முடியும். ஏற்றத்தில் போனால் பாறை முழுக்கத் தண்ணீர். விடுதிக்காரர் நேரம் பார்த்துச் சொல்லி அனுப்பினார். வற்றிய கடல் தன் தரையைத் திறந்து காட்டிக்கொண்டு கிடந்தது. கூர் கூரான செத்த பவளம், வழுக்கும் பாசி, குழிகளில் தேங்கிய தண்ணீர். வழிகாட்டிப் பையன் ஒவ்வொரு குழியாகக் குனிந்து நட்சத்திர மீன், கடல் அட்டை, நீல நிற மீன்குஞ்சு என்று காட்டிக்கொண்டே போனான். அது உண்மையிலேயே அழகாக இருந்தது. பாலத்தை அங்கே ஹவுரா பாலம் என்கிறார்கள். வங்காளிகள் எங்கே போனாலும் கல்கத்தாவைக் கூட்டிக்கொண்டு போவார்கள் போலிருக்கிறது. இவர் பாலத்துக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார். பரத்பூரில் கண்ணாடித் தரை போட்ட படகில் ஏறிப் பவளம் பார்த்தோம். 2010இல் கடல் சூடேறி அந்தமான் பவளங்கள் பெருமளவில் வெளுத்துப்போயின. அந்த அடி இன்னும் பல இடங்களில் ஆறவில்லை என்பது படகிலிருந்தே தெரிந்தது. மாலையில் லக்ஷ்மண்பூரில் அஸ்தமனம். மறுநாள் விடிவதற்கு முன் எழுந்து சீதாபூரில் உதயம். இவருடைய பட்டியலில் எல்லாம் முடிந்தது.

அதற்குப் பிறகு வந்த பிற்பகலைப் பற்றித்தான் நான் எழுத உட்கார்ந்தேன்.

சாப்பிட்டாயிற்று. வெயில். பார்க்க வேண்டியது ஒன்றும் பாக்கி இல்லை. அன்றைக்கு வந்த கூட்டம் கப்பலேறிப் போய்விட்டது. ஜெட்டிப் பக்கம் சத்தம் அடங்கிவிட்டது. இவர் அறைக்குள் போனார், வெளியே வந்தார், போனை ஆகாயத்தை நோக்கித் தூக்கிப் பிடித்தார், மறுபடி உள்ளே போனார். "இங்கிருந்து ஹேவ்லாக்குக்கு நாளைக்குக் கப்பல் இருக்கா கேட்டுப் பார்க்கட்டுமா?" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. மணல் ஈ கடித்த இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். கண்ணுக்கே தெரியாத பூச்சி. கடித்தால் நாலு நாளைக்கு அரிக்கும். விளம்பரப் படத்தில் அது இருக்காது.

சும்மா இருக்க முடியாமல் நடக்கப் போனோம். வயல்களுக்கு நடுவே போகும் சாலை. அறுப்பு முடிந்த தாள், கத்திரிச் செடிகள், அந்தப் பக்கம் பாக்கு மரங்கள். வண்டி நடமாட்டமே இல்லை. இவர் எனக்குப் பத்தடி முன்னால் நடந்துகொண்டிருந்தார். எங்கள் ஊரில் இது வழக்கம்தான், நடைபாதையில் இரண்டு பேர் சேர்ந்து நடக்க இடம் ஏது? ஆனால் இங்கே சாலை முழுக்கக் காலியாகக் கிடந்தது. அப்போதும் பத்தடி. "யாரைப் பிடிக்க இப்படி ஓடுறீங்க?" என்று கேட்டேன். "நீ ஏன் இப்படி ஆடி அசைஞ்சு வர்ற?" என்றார். அவ்வளவுதான் ஆரம்பம். முழங்கால் வந்தது, முழங்காலுக்கு டாக்டரிடம் போகாதது வந்தது, யார் கூட்டிக்கொண்டு போகவில்லை என்பது வந்தது, மகள் கல்யாணத்தில் என் அண்ணனைச் சரியாக வரவேற்காதது வந்தது. கேட்க யாரும் இல்லை என்பதால் இருவரும் குரலையும் தாழ்த்தவில்லை. கத்திரித் தோட்டத்தில் குனிந்திருந்த ஒரு பெண் மட்டும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, பாஷை புரியாவிட்டாலும் விஷயம் புரிந்த மாதிரி, மறுபடி குனிந்துகொண்டாள். இவர் ஜெட்டிப் பக்கம் போனார். நான் கடற்கரைப் பக்கம் போனேன்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் சிரிப்பு வரும். வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம். மருதத்துக்கு உரியது ஊடல். நாங்கள் சண்டை போட்ட இடம் விதிப்படி சரியான இடம். அதைவிட என்னை யோசிக்க வைத்தது நெய்தல். ஆணும் பெண்ணும் கூடுவதற்கு நம் முன்னோர் கடற்கரையைத் தரவில்லை. அதற்குக் குறிஞ்சி, மலை. கடற்கரைக்கு அவர்கள் வைத்தது இரங்கல். பொழுது, சூரியன் சாய்கிற எற்பாடு. ஒருவர் இல்லாதபோது இன்னொருவர் தனியாக உட்கார்ந்து நினைத்துக்கொள்கிற இடம் அது. அந்தப் பாட்டுகளில் வருகிற புன்னையும் தாழையும் நீல் கரையிலும் நிற்கின்றன. நான் போய் உட்கார்ந்தது ஒரு மரத்தடியில்தான். இன்றைக்குத் தேனிலவு வியாபாரம் முழுக்கக் கடற்கரையில் நடக்கிறது. மணலில் மேஜை போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, இரண்டு பேரைக் கையைக் கோத்து உட்கார வைக்கிறார்கள். எழுந்து போக இடம் இல்லாமல். எனக்கென்னவோ பழைய ஆட்களுக்கு விஷயம் கூடுதலாகத் தெரிந்திருந்தது என்று படுகிறது.

ஏனென்றால் அன்று அந்த மரத்தடியில், கோபம் இருந்தபோதே, நான் வந்த நாளிலிருந்து முதல் தடவையாகத் தீவைப் பார்த்தேன். அதுவரை பார்த்ததெல்லாம் யாரோ காட்டியது. மணல் முழுக்கத் துறவி நண்டுகள். வேறு உயிர்கள் விட்டுப்போன சங்குகளைச் சுமந்துகொண்டு திரிகிறவை. ஒரு நண்டு தன் சங்கைவிடக் கொஞ்சம் பெரிய காலிச் சங்கு ஒன்றைச் சுற்றிச் சுற்றி வந்தது. காலை உள்ளே விட்டு ஆழம் பார்த்தது, புரட்டிப் பார்த்தது, விட்டுவிட்டுப் போனது, திரும்பி வந்தது. மிக நீண்ட யோசனைக்குப் பிறகு ஒரே விநாடியில் இதிலிருந்து அதற்கு மாறியது. மாறும்போது தெரிந்த அதன் பின்னுடல் கவசமே இல்லாமல் அவ்வளவு மெத்தென்று இருந்தது. பழைய சங்கை அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டது.

இருட்டும் நேரத்தில் இவர் வந்தார். மன்னிப்பு, சமாதானம் எல்லாம் எங்கள் வீட்டில் பழக்கம் கிடையாது. "ஜெட்டியில ஒரு தமிழ் ஆளைப் பார்த்தேன்," என்று ஆரம்பித்தார். சுமை ஏற்றுகிறவர், தாத்தா காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து போர்ட் பிளேர் வந்த குடும்பம், அந்த ஆள் ஊரைப் பார்த்ததே இல்லையாம், ஆனால் பேச்சு அந்தப் பக்கத்துப் பேச்சாகவே இருக்கிறதாம். கப்பலில் காய்கறிக் கூடைகளை எப்படி அடுக்குகிறார்கள், கடல் மோசமாகிக் கப்பல் ஓடாவிட்டால் அந்தக் காய் என்ன கதியாகிறது என்றெல்லாம் சொன்னார். நான் நண்டைப் பற்றிச் சொன்னேன். சொல்லிக்கொண்டு வந்து நடுவில் நிறுத்தினேன், எதையோ பார்த்து. "அப்புறம் என்னாச்சு?" என்றார்.

பல வருஷமாக அவர் என்னிடம் கேட்காத கேள்வி அது. கேட்க அவசியம் வந்ததில்லை. எனக்கு நடந்தது எல்லாம் அவருக்குத் தெரியும், அவருக்கு நடந்தது எல்லாம் எனக்குத் தெரியும். இல்லை, தெரியும் என்று இருவரும் வைத்துக்கொண்டிருந்தோம். சேர்ந்து இருக்கத்தான் அவ்வளவு தூரம் போனோம். தனித்தனியாக ஒரு மாலை போய்வந்த பிறகுதான் பேச்சு வந்தது. அதற்குப் பிறகு அதையே வழக்கமாக்கிக்கொண்டோம். காலையில் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவர் சைக்கிள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு சீதாபூர் வரை போய், வழியில் டீ குடித்து, அரைகுறை ஹிந்தியில் யாருடனாவது பேசிவிட்டு வருவார். நான் கடல் வற்றும் நேரம் பார்த்துக் குழிகளைப் பார்க்கப் போவேன்.

கடல் வற்றும் நேரம் தினமும் ஏறத்தாழ ஐம்பது நிமிஷம் தள்ளிப் போகிறது. நிலவின் கணக்கு அது. நேற்று எட்டு மணிக்கு வற்றியது இன்றைக்கு எட்டு ஐம்பதுக்கு. அதனால் என் காலைப் பலகாரமும் தினமும் தள்ளிப் போனது. வீட்டில் ஏழே முக்காலுக்கு டிபன் டப்பா கட்டியாக வேண்டும். அந்த முள்ளிலிருந்து என்னை இறக்கிவிட்டது ஓய்வு அல்ல, வேறொரு கடிகாரம். அடுத்த வேளைக்கு என்ன என்ற கேள்வி எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. நின்ற பிறகு ஒருநாள்தான் நினைவு வந்தது.

விடுதியை நடத்திய அம்மாவுக்கு எங்களைப் பார்த்து ஆச்சரியம். சீசனில் அவர்களுக்கு மூச்சுவிட நேரம் கிடையாது. கணவர் தோட்டத்துக்கும் ஜெட்டிக்கும், அந்த அம்மா அடுக்களைக்கும் அறைகளுக்கும். பகல் முழுக்க இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்வதையே நான் பார்க்கவில்லை. ஒருநாள் மீன் ஆய்ந்துகொண்டே கேட்டார், என்னுடைய ஹிந்திக்குத் தக்கபடி மெதுவாக: உங்கள் ஊரில் கடல் இல்லையா? இருக்கிறது என்றேன். எவ்வளவு தூரம்? வீட்டிலிருந்து ஒரு பஸ் என்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. பெசன்ட் நகருக்கு நாங்கள் இருவர் மட்டும் கடைசியாக எப்போது போனோம் என்று அன்று ராத்திரி இவரிடம் கேட்டேன். இருவருக்கும் நினைவில்லை.

திரும்பி வந்த பிறகு மகள் இரண்டு ஆய்வுகளைப் பற்றிச் சொன்னாள். இரண்டும் நெதர்லாந்தில் நடந்தவை. ஜெரோன் நவைன் என்பவரும் கூட்டாளிகளும் 1,530 பேரை வைத்துப் பார்த்து 2010இல் வெளியிட்டதில், பயணம் போகிறவர்கள் போவதற்கு முன்னால்தான் மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். திரும்பியபின் பெரும்பாலோருக்கு வித்தியாசமே இல்லை. மிகவும் நிம்மதியாக இருந்துவிட்டு வந்தவர்களுக்கு மட்டும் கொஞ்ச நாள் தங்கியது. ஜெசிகா டி புளூம் குழுவினர் 2013இல் வெளியிட்டது இன்னும் சுவாரசியம். நீண்ட விடுமுறை எடுத்த 54 ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களுடைய உடல்நலமும் மனநிலையும் வேகமாக ஏறி எட்டாவது நாளில்தான் உச்சத்தைத் தொட்டன. வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே எல்லாம் பழையபடி ஆகிவிட்டது.

54 பேர், அதுவும் நம் ஊர்க்காரர்கள் இல்லை. இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்த எட்டாவது நாள் என் மனசில் நின்றுவிட்டது. நாம் வாங்குவது ஐந்து இரவு. அதில் மூன்று தீவு, நாலு கப்பல், தினமும் பெட்டியைக் கட்டு, பெட்டியைப் பிரி. பார்த்து முடித்த பிறகு வருகிற அந்த எரிச்சலான பிற்பகல் வருவதற்குள் அடுத்த கப்பல் வந்துவிடுகிறது. சண்டையும் மிச்சம், சண்டைக்குப் பிறகு வருவதும் மிச்சம். ஒருவேளை பலருக்கு அதுதான் தேவையாகவும் இருக்கலாம். போட்டோவில் இருவரும் சிரிக்கிறார்கள். வீட்டுக்கு வந்து விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள். அதில் தப்பு கண்டுபிடிக்க நான் யார்? எட்டு நாள் லீவு கிடைக்காதவர்களும், கிடைத்தாலும் அவ்வளவு செலவு தாங்காதவர்களும்தான் நம்மில் அதிகம். எல்.டி.சி. இல்லையென்றால் நாங்களும் போயிருக்க மாட்டோம்.

நாங்கள் மட்டும் ஆளே மாறிப்போய்த் திரும்பவில்லை. சென்னையில் இறங்கிய மறுநாளே சிலிண்டர் பேச்சு வந்துவிட்டது. இவர் தெருவில் இப்போதும் முன்னால்தான் நடக்கிறார். கொண்டுவந்த பொருளென்று ஒன்றும் இல்லை. பவளத்துண்டு எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதால் விமான நிலையத்தில் பெட்டியைச் சோதித்து எடுத்துவைத்துக்கொள்வார்கள். ஓய்வுக் காலத்தைப் பற்றி எனக்கு இருந்த பயம் மட்டும் பாதியாகக் குறைந்திருக்கிறது. அப்போதும் முதல் சில வாரங்கள் இப்படித்தான் இருக்கும். பேச்சு இருக்காது, எரிச்சல் இருக்கும், யார் முன்னால் நடப்பது என்பதிலிருந்து பழைய கணக்கெல்லாம் கிளம்பும். அதைப் பார்த்து, இவ்வளவுதான் மிச்சம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அவரைக் காலையில் ஒரு பக்கம் அனுப்பிவிட்டு நானும் ஒரு பக்கம் கிளம்ப வேண்டும், சாயங்காலம் சொல்ல ஏதாவது இருக்கும்படி. பெசன்ட் நகர் பஸ் எங்கள் தெரு முனையிலிருந்தே கிளம்புகிறது.

அந்தமானுக்கு இருவராகக் கிளம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். திட்டம் போட்டுத் தருகிறவரிடம் கேட்டு, அதிலிருந்து ஒரு தீவை அடித்துவிடுங்கள். எந்தத் தீவு என்பது முக்கியமில்லை. அந்த நாள்களை மிச்சமிருக்கிற தீவுக்குக் கொடுங்கள். எடுத்துப்போகும் பையில் தேங்காய் எண்ணெய் ஒரு சின்ன பாட்டில் இருக்கட்டும். கப்பல் டிக்கெட் செலவும் குறையும்.